வானை அளந்து வசை சுமந்தோர்

2019ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 26ஆந் திகதி காலையிலே யாழ்ப்பாணத்து வானிற் கங்கண சூரிய கிரகணந் தோன்றியது. அன்று யாம் பாடசாலை மாணவராயிருந்தோம். விடுமுறைக் காலமாதலின் வீட்டிலே நின்றோம். எமது ஆச்சியார் விடியற்காலையிலேயே எழுந்து, தண்ணீர்க் குடத்தின் மேலும் ஊறுகாய்ச் சாடியின் மேலுந் தருப்பைப்புல் இட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டார். அயலிலுள்ள கோயிற் கதவமும் பூட்டப்பட்டிருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். அதிலே அன்றைய கிரகணங் கேதுவினாற் பற்றப்படுவதென்று குறிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே பரிசகாலம், மத்தியகாலம், மோட்சகாலம் என்பன மணியும் நிமிடமுமாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன.

எமது குசினியின் கிடுகுக் கூரையிலே சிறு துவாரங்கள் பல உண்டு. ஏனைய நாட்களில் அவற்றினூடாக விழும் வெயில் நிலத்திலே வட்டவட்டப் பொட்டுக்களாகத் தோன்றும். அன்று அப்பொட்டுக்கள் யாவும் முதலிற் பிறைகளாயின. பின்னர் சில நிமிட நேரம் வளையல்களாயின. சாணத்தால் மெழுகிய நிலமெங்கும் ஒளிவளையல்கள் கிடந்தன. ஆச்சியாரை அழைத்துக் காட்டினோம். "இது நிழல் ஆச்சி, சந்திரன் குறுக்கே வந்து நிக்குது" என்றோம். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நிழலெண்டாலும் குளிச்சுப்போட்டுத்தான் சாப்பிட வேணும்" என்று கூறிவிட்டுக் கிணற்றடிக்குச் சென்றார்.

ஒரே பஞ்சாங்கப் பக்கத்திலே கேது என்னும் பெயரும் இருக்கிறது. நிமிடம் பிசகாத கணிதமும் இருக்கிறது. இவ்விரண்டும் எங்கிருந்து வந்து ஓரிடத்திற் கூடின? யாம் கல்வி கற்றது மிசன் பாடசாலையொன்றிலே. அங்கே ஆசிரியர் ஒருவர், பாம்பு சூரியனை விழுங்குங் கதையைக் கூறி வகுப்பைச் சிரிக்க வைத்ததுண்டு. கலிலியோவின் பெயரையும் அவர் கூறினார். ஆனால் அப்பெரியாரை முழங்காலில் நிறுத்தியவர் யார் என்பதை மட்டுங் கூறினாரல்லர். பல்கலைக்கழகம் புகுந்தபின், நூலகத்திலே அவ்வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, நகைப்பதற்கு எத்தரப்பாருக்கும் உரிமையில்லை என்பதே எமக்குத் தெளிவாயிற்று. அதனை எமது சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க நாட்டிலே

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதென்ஸ் நகரிலே அனக்சகோரஸ் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அந்நாட்டு மக்கள் சூரியனைத் தேவனாக வழிபட்டனர். அவரோ, சூரியன் செந்தழலாய்க் காய்ந்த பெரும் பாறையென்றும், பெலொப்பொனேசஸ் என்னும் தீபகற்பத்தினும் பெரியதென்றுங் கூறினார். சந்திரனுக்குச் சுய ஒளியில்லை, சூரியனிடமிருந்து பெற்ற ஒளியையே அது வீசுகின்றது என்பதையும், கிரகணம் மறைப்பினால் நிகழ்வது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். தெய்வ நிந்தனை செய்தாரென அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அரசியற்றலைவராகிய பெரிக்கிளிஸ் அவருடைய நண்பராயிருந்தும், அவர் அந்நகரை நீங்கி லம்ப்சாக்கஸ் என்னும் ஊரிலே எஞ்சிய நாட்களைக் கழிக்க நேர்ந்தது.

அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளின் பின் சாமொஸ் தீவினரான அரிஸ்தார்க்கஸ், சூரியன் நிலைத்து நிற்கப் பூமியே அதனைச் சுற்றி வருகின்றதெனக் கூறினார். இதனை ஆர்க்கிமிடீஸ் தம் நூலொன்றிற் குறித்திருப்பதால் நாம் அறிகின்றோம். உலகத்தின் அடுப்பங்கரையை அசைத்த இவர்மீது தெய்வ நிந்தனை வழக்குத் தொடுக்கவேண்டுமென்று கிளியாந்திஸ் என்னுந் தத்துவ ஞானி கருதினாரெனப் புளூட்டாக் எழுதியுள்ளார். கிரேக்கர் வீட்டில் அடுப்புத் தெய்வத்துக்குரிய இடம். பூமியை அவர்கள் அண்டத்தின் அடுப்பாக மதித்தனர். அடுப்பை அசைத்தால் வீடு அசையுமென்ற அச்சம் அன்றே தோன்றிவிட்டது.

ஓரெழுத்து மாறிய கதை

இனி எமது பண்பாட்டுக்கு உரிய பாரதநாட்டை நோக்குவோம். கி.பி. 476இற் பிறந்த ஆரியபடர், தமது இருபத்துமூன்றாம் வயதிலே, 499ஆம் ஆண்டினையொட்டி, ஆரியபடீயம் என்னும் நூலை இயற்றினார். எம்மைப் போன்ற மாணவரின் வயதிலே அவர் அந்நூலைச் செய்தாரென்பதை எண்ணும்போது எமக்கு ஒருபுறம் பெருமிதமும் மறுபுறம் நாணமும் உண்டாகின்றன.

அந்நூலிலே அவர் ஓர் அழகிய உவமை கூறுகிறார். ஓடத்திலே முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வனபோலத் தோன்றும். அவ்வாறே, இலங்கையில் நிற்பவனுக்கு அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வனபோலத் தோன்றுகின்றன என்பதே அதன் கருத்து. ஆரியபடர் கூறும் இலங்கை, நிலநடுக்கோட்டின் மீது, உச்சயினி நகருக்கு நேர் தெற்கே கணிதர் வகுத்துக்கொண்ட இடமாகும். நாம் வாழுந் தீவு அதற்குச் சற்று வடகிழக்கே உள்ளது. எனினும் பூமியின் சுழற்சியைக் கூறவந்த பழைய நூலொன்றிலே இலங்கை என்னும் பெயர் இடம்பெற்றிருப்பது நமக்கு உவகை தருவதே.

அவர் அச்சுழற்சிக்கு அளவுங் கூறினார். ஒரு சுவாச நேரத்திலே பூமி ஒரு கலை திரும்பும் என்றார். வட்டம் 360 பாகை. பாகைக்கு 60 கலை. ஆகவே வட்டத்துக்கு 21,600 கலை. ஒரு நாளுக்குச் சுவாசம் 21,600 என்பது நம் பெரியோர் யாவரும் அறிந்த கணக்கு. தில்லைப் பொன்னம்பலக் கூரையில் வேயப்பட்ட பொன்னோடுகளின் தொகையும் இதுவேயென்பது மரபு. மனிதன் ஒருமுறை மூச்செறியும் நேரத்தில் அவன் நிற்கும் நிலமும் ஒரு கலை திரும்புகின்றது என்பது எத்துணைப் பெரிய சிந்தனை! கிரகணங்களைப் பற்றியும் அவர் ஐயமின்றிக் கூறினார். சூரியனைச் சந்திரன் மறைக்கின்றது. சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கின்றது. அவருடைய விளக்கத்திலே இராகுவுக்கு இடமில்லை.

இக்கொள்கைக்கு நேர்ந்தது யாது? ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், கிரகணத்துக்கு இராகு காரணமன்று என்பதை ஏற்றார். ஆனால் பூமி சுழல்வதை ஏற்றாரல்லர். பூமி சுழலுமாயின், வானிலே பறந்துசென்ற பருந்து தன் கூட்டுக்கு மீள்வது எங்ஙனம் என வினவினார். இது பழிக்கத்தக்க வினாவன்று, சிறந்த வினாவே. அதற்குத் தக்க விடை கிடைக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்விடையைப் பின்னர்க் காண்போம்.

628ஆம் ஆண்டிலே, முப்பது வயதினரான பிரமகுப்தர், பிரமஸ்புட சித்தாந்தம் என்னும் நூலைச் செய்தார். அவர் ஆரியபடரைக் கடுமையாகக் கண்டித்தார். கிரகணத்துக்கு இராகுவே காரணமன்று எனின் அது வேதத்துக்கும் மிருதிக்கும் புறம்பாகுமென்றார். பிரமனிடம் வரம்பெற்ற இராகு அந்நிழலினுள்ளே புகுகின்றான் எனச் சமாதானமும் உரைத்தார். ஆயின் அதே நூலிலே கிரகணத்தைக் கணிக்க முற்படும்போது, நிழலின் அளவையும் சந்திரனின் விட்டத்தையுங் கொண்டே கணித்தார். பஞ்சாங்கப் பக்கத்தில் யாம் கண்ட இருமை அன்றே வேரூன்றிவிட்டதெனலாம்.

ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி நூலெழுதிய அல்பிரூனி என்னும் இஸ்லாமிய அறிஞர், பிரமகுப்தரின் இவ்வாக்கைப் படித்து வருந்தினார். இத்துணை மதிநுட்பமும் இளமையும் வாய்ந்த ஒருவர் தம் மனச்சான்றுக்கு மாறாக இங்ஙனம் எழுத நேர்ந்தது, சோக்கிரதீசுக்கு நேர்ந்தது போன்ற இடுக்கணாற் போலும் என அவர் கருதினார். பிறநாட்டார் ஒருவர் நம்மவருக்காகக் கொண்ட இரக்கம் அது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஆரியபடரின் நூலிலே, ஒரு சுவாசத்தில் ஒரு கலை திரும்புவது "பூ", அஃதாவது பூமி, என்றிருந்தது. பிற்காலத்து உரையாளர் சிலர் அவ்விடத்தில் விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் "பம்" என்னுஞ் சொல்லையே பாடமாகக் கொண்டனர். ஒரு சிறு மாற்றந்தான். பூமி நின்றுவிட்டது, வானஞ் சுழலத் தொடங்கிவிட்டது. வேறு சிலர் மூலத்தை மாற்றாது, பூமி சுழல்வதாகக் கூறியது வெறுந் தோற்றத்தையே எனப் பொருளுரைத்தனர். ஆசிரியரை மதித்தோரே இவ்வாறு செய்தனர் என்பது கருதத்தக்கது. அவர் தவறு கூறியிருக்க மாட்டாரென நம்பினர். ஆதலின் அவர் கூறியதையே திருத்தினர்.

"எமது சமயம் வானசாத்திரிகள் எவரையும் எரித்ததில்லை" என்று நம்மவர் மேடைகளிற் பெருமையுறக் கூறுவதை யாங் கேட்டிருக்கின்றோம். ஆரியபடரை எவரும் எரித்திலர் என்பது மெய்யே. ஆனால் அவருடைய வாக்கை அவருடைய நூலிலேயே மாற்றியமைத்தோம் என்பதும் மெய்யே.

முகவுரை எழுதிய கை

மேற்றிசை நாடுகளில் இதே நாடகம் வேறு வேடத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமியின் பூமிமையக் கொள்கையும், அரிஸ்டோட்டிலின் தத்துவமும் இணைந்து, நடுக்காலத்திலே கிறிஸ்தவ சமயக் கல்வியோடு ஒன்றாகப் பிணைந்துவிட்டன. பூமி நடுவே நிற்கும். அதனைச் சூழ்ந்த பளிங்குக் கோளங்களிலே கோள்கள் சுழலும். எல்லாவற்றுக்கும் அப்பால் வானவர் உலகம். மேலும், கிபியோனிலே சூரியன் நிற்குமாறு யோசுவா கட்டளையிட்ட செய்தி வேதாகமத்திலே உண்டு. நிற்கச் சொல்லப்பட்டது சூரியனாயின், ஓடிக்கொண்டிருந்ததும் சூரியன்தானே என்பது அவர்களின் தருக்கம்.

1473இல் தோருன் நகரிற் பிறந்த கொப்பர்னிக்கஸ் திருச்சபையின் பகைவரல்லர். பிராம்போர்க் பேராலயத்திலே பணியாற்றியவர். கோள்களின் கணிதத்தை நெடுங்காலம் ஆராய்ந்து, சூரியனை நடுவே வைத்துப் பூமியையும் ஒரு கோளாக்கினார். அந்நூலை வெளியிடப் பல்லாண்டு தயங்கினார். இறுதியில் இரேத்திக்கஸ் என்னும் இளம் ஆசிரியரின் தூண்டுதலால், 1543இல் நூரெம்பேர்க் நகரில் அது அச்சாயிற்று. பாப்பரசர் மூன்றாம் பவுல் அவர்களுக்கே அதனை அவர் காணிக்கையாக்கியிருந்தார். அவ்வாண்டு மே மாதத்திலே அவர் உயிர் துறந்தார்.

அந்நூலின் தொடக்கத்திலே, பெயர் குறியாத முகவுரையொன்று காணப்பட்டது. இந்நூலிற் கூறப்படுவது உண்மையென நம்பவேண்டுவதன்று, கணிப்புக்கு உதவுங் கற்பனையாகக் கொண்டாற் போதும் என்பதே அதன் சாரம். அதனை எழுதியவர் கொப்பர்னிக்கஸ் அல்லர்; அச்சுப் பணியை மேற்பார்த்த ஒசியாண்டர் என்னும் லூதர் சபைக் குருவே. நூலைக் காப்பதற்காகவே அவர் அவ்வாறு செய்திருக்கலாம். ஆயினும் ஆசிரியர் மெய்யெனக் கூறியதை, அவர் வாயிலைக் கடக்குமுன்பே, பொய்யென ஒருவர் கூறிவிட்டார். "பூ" என்பது "பம்" ஆனதற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியன்று.

எட்டுக் கலை

அந்நூல் வெளிவந்து முப்பது ஆண்டுகள் செல்லுமுன், டென்மார்க்கு நாட்டுத் தைக்கோ பிராகே 1572இலே வானிற் புதியதொரு விண்மீனைக் கண்டார். 1577இல் தோன்றிய வால்வெள்ளி சந்திரனுக்கு அப்பால் உள்ளதென அளந்து காட்டினார். மாறுதலற்றதென நம்பப்பட்ட மேலுலகிலும் மாறுதல் உண்டென்பது தெரிந்தது. அவர் திரட்டிய கணிப்புக்கள் கெப்ளருக்குக் கிடைத்தன.

கெப்ளர் லூதர் சபைக் குருவாக விரும்பிக் கற்றவர். வானத்தை ஆராய்வதும் இறைவனைத் துதிப்பதே என இறுதிவரை எண்ணியவர். செவ்வாயின் பாதையை வட்டமாகக் கொண்டு அவர் ஆண்டுக்கணக்காகக் கணித்தார். தைக்கோவின் அளவைக்கும் அவருடைய கணக்குக்கும் இடையே எட்டுக் கலை வேற்றுமை தோன்றியது. ஒரு பாகையில் எட்டிலொரு பங்குக்கும் சிறிதளவே மேற்பட்டது அது. வேறெவராயினும் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருப்பர். அவரோ அவ்வெட்டுக் கலைக்காகத் தம் உழைப்பனைத்தையுங் கைவிட்டு மீண்டுந் தொடங்கினார். கோள் வட்டத்திலன்றி நீள்வளையத்திலே செல்கின்றது என்னும் உண்மை 1609இல் வெளிவந்தது. தெய்வீக இயக்கம் வட்டமாகவே இருத்தல்வேண்டும் என்ற ஈராயிரம் ஆண்டு நம்பிக்கை அவ்வெட்டுக் கலையால் வீழ்ந்தது.

அவர் பெற்ற பரிசு யாது? கத்தோலிக்க ஆட்சியினர் அவரைப் புரட்டஸ்தாந்தர் என்று கிராட்ஸ் நகரினின்றும் வெளியேற்றினர். லூதர் சபையாரோ, சபையின் கொள்கைகளை முழுதும் ஏற்கவில்லையென்று லின்ஸ் நகரில் அவருக்கு நற்கருணையை மறுத்தனர். அவருடைய முதிய தாயார் சூனியக்காரி எனக் குற்றஞ் சாட்டப்பட்டு, 1620இற் சிறையிலிடப்பட்டார். கெப்ளர் தம் ஆராய்ச்சியை நிறுத்திவைத்துத் தாயாருக்காக வழக்காடி, அடுத்த ஆண்டில் அவரை மீட்டார். கோள்களின் விதியை வகுத்த கை, அன்னையின் விடுதலைக்காக மனுவும் எழுதியது.

முழங்காலிட்ட முதியவர்

1609இலே இத்தாலி நாட்டுக் கலிலியோ தாமே அமைத்த தொலைகாட்டியை வானை நோக்கித் திருப்பினார். சந்திரனிலே மலைகளும் பள்ளங்களும் இருத்தலைக் கண்டார். 1610ஆம் ஆண்டு சனவரி 7ஆந் திகதி வியாழனின் அருகே மூன்று சிறு விண்மீன்களைக் கண்டார். சில நாட்களில் அவை நான்காயின. அவை வியாழனைச் சுற்றும் உபகோள்கள் என உணர்ந்தார். எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்னுங் கூற்று அவ்விரவுகளிலே பொய்த்தது. பின்னர் வெள்ளியும் சந்திரனைப்போலப் பிறையாகி வளர்வதைக் கண்டார். வெள்ளி சூரியனைச் சுற்றினாலன்றி அவ்வாறு நிகழாது.

வேதாகமம் மக்களின் மீட்புக்கு வழி கூறுவதேயன்றி வானசாத்திரங் கற்பிப்பதன்று என அவர் 1615இல் கிறிஸ்தீனா என்னும் அரச மாதுக்கு வரைந்த திருமுகத்தில் விளக்கினார். ஆயினும் 1616ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, பூமி அசையுமென்னுங் கொள்கை பொய்யென்றும் வேதாகமத்துக்கு மாறானதென்றும் உரோமாபுரியிற் கட்டளை பிறந்தது. கொப்பர்னிக்கசின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. 1620இலே திருத்தங்கள் வெளியாயின. மெய்யெனக் கூறிய வாக்கியங்கள் சில, கற்பனையெனப் பொருள்படுமாறு மாற்றப்பட்டன. மறுபடியும் ஒரு நூலின் மீது ஒரு பேனா!

1632இலே கலிலியோ இரு கொள்கைகளையும் பற்றிய உரையாடலை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். வராகமிகிரரின் பருந்துக்கு விடை இந்நூலிலே தான் கிடைக்கின்றது. கலிலியோ பாரதநாட்டு நூலை அறிந்தவரல்லர். வினா ஒன்றாயிருந்தமையால் விடையும் பொருந்தியது. கப்பலொன்றின் உள்ளறையிலே வண்ணாத்திப் பூச்சிகளைப் பறக்கவிடுக. மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து நீர்த்துளிகள் விழட்டும். கப்பல் நின்றாலுஞ் சீராக ஓடினாலும், பூச்சிகள் ஒரேவிதமாகவே பறக்கும். துளிகளும் நேர் கீழேயே விழும். கப்பலின் இயக்கத்தில் உள்ளேயுள்ள யாவும் பங்குகொள்கின்றன. அவ்வாறே பூமியின் சுழற்சியிற் காற்றும் பருந்தும் கூடும் பங்குகொள்கின்றன. ஆரியபடரின் ஓடமும் கலிலியோவின் கப்பலும் ஒரே உண்மையின் இரு துறைகள்.

அந்நூலிலே, முன்னாள் நண்பராயிருந்த பாப்பரசர் எட்டாம் உர்பானின் வாதத்தைச் சிம்பிளிச்சியோ என்னும் பேதைமை வாய்ந்த பாத்திரத்தின் வாயிலே கலிலியோ வைத்துவிட்டார். சினம் மூண்டது. 1633ஆம் ஆண்டு சூன் மாதம் 22ஆந் திகதி, அறுபத்தொன்பது வயது நிரம்பிய அம்முதியவர், உரோமாபுரியிலே கருதினால்மார் முன்னிலையில் முழங்காலிட்டு, பூமி அசைகின்றது என்ற தம் கொள்கையைச் சபித்துக் கைவிட்டார். எழுந்திருக்கும்போது "எனினும் அது அசைகின்றது" என முணுமுணுத்தாரெனக் கூறுங் கதை பிற்காலத்தது. அக்காலச் சான்று அதற்கில்லை. அவர் முணுமுணுக்காதிருந்திருப்பின் அதனால் நாம் அவரைக் குறைவாக மதிக்கவேண்டுவதில்லை. சித்திரவதைக் கருவியை எண்ணி அஞ்சிய முதியவரைக் கோழையென்பது, அக்கருவியை எக்காலமும் எண்ணவேண்டாத நமக்குத் தகாது.

தண்டனையின் ஒரு பகுதியாக, மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் ஏழு திருப்பாடல்களை அவர் ஓதவேண்டுமென விதிக்கப்பட்டது. கன்னியர் மடத்திலே துறவியாயிருந்த அவர் புதல்வி மரியா செலஸ்தே, தந்தைக்குப் பதிலாகத் தாமே அதனை ஓத ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்தார். கலிலியோ வீட்டுக்காவலிலே கண்ணொளியும் இழந்தார். எனினும் இயக்கவியல் பற்றிய அவரது பெருநூல் 1638இல் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் அச்சாயிற்று. 1642இல் அவர் மறைந்தார்.

நடுவுநிலை

நடுவுநிலையோடு கூறவேண்டுவன சில உள. 1600ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் எரிக்கப்பட்ட புரூனோ வானசாத்திரி அல்லர். எண்ணிறந்த உலகங்கள் உண்டென்னும் அவர் கருத்தும் குற்றங்களுள் ஒன்றாயிருந்ததெனினும், பெரும்பாலான குற்றச்சாட்டுக்கள் சமயக் கோட்பாடு பற்றியன. மேலும், கலிலியோவின் காலத்தில் முடிந்த முடிபான சான்று கிடைத்திருக்கவில்லை. கடலின் வற்றுப்பெருக்கைக் கொண்டு அவர் காட்டிய சான்று பிழையானது. பூமி சூரியனைச் சுற்றுமாயின் விண்மீன்கள் இடம் மாறித் தோன்றவேண்டுமே என எதிர்ப்பாளர் வினவியது தக்க வினாவே. 1728இற் பிராட்லி என்பார் விண்மீன்களின் ஒளியிலே பூமியின் இயக்கத்தைக் கண்டார். 1838இலே பெசல் என்பார் விண்மீனொன்றின் இடமாற்றத்தை அளந்தார். 1851இற் பூக்கோ என்பார் பாரிசு மாநகரிலே பெரும் ஊசலொன்றைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியைக் கண்ணாற் காணச் செய்தார்.

திருச்சபையும் தன் பிழையை உணர்ந்தது. 1835இல் வெளிவந்த தடைநூற் பட்டியலிற் கொப்பர்னிக்கஸ், கலிலியோ நூல்கள் இடம்பெறவில்லை. 1992இலே பாப்பரசர் இரண்டாம் அருள்சின்னப்பர் கலிலியோவின் வழக்கிலே நேர்ந்த தவறை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். காலந் தாழ்ந்ததெனினும், பிழையைப் பிழையென வாய்திறந்து கூறுதல் ஒரு பெருமையே. "பூ" என்பதைப் "பம்" எனக் கொண்டமைக்கு நம்மவர் எவரேனும் வருந்தியதாக யாம் படித்ததில்லை.

யாழ்ப்பாணத்துக் கிரகணம்

இவ்வரலாற்றின் அலை நம் ஊரையும் வந்து தாக்கியது. 1823இல் அமெரிக்க மிசனார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். அதன் அதிபரான டானியல் பூவர் பாதிரியார் தமிழ் இளைஞர்க்கு வானசாத்திரங் கற்பித்தார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணம் பற்றி யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிப்புப் பிழையென அவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் கணித்தவாறே நிகழ்ந்ததென மிசன் வரலாறுகள் கூறும். கணிதம் பிழைத்ததைக் காட்டிச் சமயமும் பிழையென நிறுவுவதே மிசனாரின் கருத்தாயிருந்தது. மேருவும் ஏழு கடலும் இல்லையெனின் சிவனும் இல்லையென்பது அவர்களின் வாதம். கொப்பர்னிக்கசின் நூல் உரோமாபுரியின் தடைப் பட்டியலினின்றும் நீங்காத காலம் அது! அமெரிக்க மிசனார் வேறு சபையினர்தாம். ஆயினும் யோசுவாவின் சூரியனை நம்பியவர் வழிவந்தோரே.

நம் கணிதரை முற்றும் பேதையரென்று கொள்வதும் பொருந்தாது. அதே காலத்தில், புதுச்சேரியிலே வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைச் சோழிகளை நிலத்திற் பரப்பியே கணித்துக் காட்டினார். வாய்பாடுகள் யாவும் அவர் நாவில் இருந்தன. அதனை வாரன் என்னும் அதிகாரி தம் நூலிற் பதிந்துள்ளார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிட அளவே பிழை நேர்ந்தது. முடிவு நேரத்திலோ ஐம்பது நிமிட அளவுக்குப் பிழைத்தது. பரம்பரையாகக் காத்த அறிவின் அருமையும், நெடுநாள் திருத்தப்படாத அறிவின் குறையும் அக்கணக்கொன்றிலேயே தெரிகின்றன.

இளைஞர்க்கும் பெரியோர்க்கும்

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்கும்போது, வானத்தை ஆராய்ந்தோருட் பலர் கடவுளை மறுத்தவரல்லர் என்பது புலனாகும். கொப்பர்னிக்கஸ் ஆலயப் பணியாளர், கெப்ளர் பக்தர், கலிலியோ தம் சபையை விட்டு நீங்காதவர். அவர்கள் அசைத்தது கடவுளையன்று, கடவுளின் பெயராற் கட்டிவைத்த ஒரு கணக்கை. கணக்கோடு நம்பிக்கையைப் பிணைத்தோருக்குக் கணக்குப் பிழைத்தபோதெல்லாம் நம்பிக்கையும் நடுங்கியது. அந்நடுக்கத்தைத் தீர்க்க ஒருவர் சொல்லை மாற்றினார். ஒருவர் முகவுரை எழுதினார். ஒருவர் முதியவரை முழங்காலிடச் செய்தார். முறைகள் வேறு, அச்சம் ஒன்றே.

அவ்வச்சம் இன்று நம்மிடையே புதுக்கோலத்தில் நடமாடுகின்றது. புராணத்திலே விமானம் இருந்தது, அணுக்குண்டு இருந்தது, இன்றைய விஞ்ஞானம் யாவும் நம் முன்னோர் அறிந்தனவே என்று கூறுவோர் பெருகியுள்ளனர். எமது சங்கக் கூட்டங்களிலும் இவ்வாறு பேசப்பட்டதுண்டு. கைதட்டியவருள் யாமும் இருந்தோம். இது ஆரியபடருக்குச் செய்யும் மரியாதையன்று. நூலில் இல்லாததை நூலில் உள்ளதெனக் கூறுதலும், "பூ" என்றிருந்ததைப் "பம்" என மாற்றியதும் ஒரு தொழிலே. அவருக்குச் செய்யத்தக்க மரியாதை, அவர் செய்ததைச் செய்தல். அஃதாவது, கண்டதைக் கண்டவாறு கூறுதல்.

பெரியோரிடம் யாம் பணிவோடு வேண்டுவது, வினவும் இளைஞனை நாத்திகன் எனத் தள்ளாதிருத்தல். இளைஞரிடம் வேண்டுவது, விடை தெரிந்தமையால் நகையாதிருத்தல். கிரகணத்தன்று முழுகிய எமது ஆச்சியார், திருநீறு அணிந்து குசினிக்கு வந்து, மறுபடியும் நிலத்தைப் பார்த்தார். வளையல்கள் அப்போது மீண்டும் பிறைகளாய்ச் சிறிது சிறிதாக நிறைந்துகொண்டிருந்தன. "உந்தக் கணக்கை எனக்கு ஒருக்காச் சொல்லு பாப்பம்" என்றார். தேசிக்காயும் தோடம்பழமும் விளக்குமாக வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். அவர் தருப்பைப்புல்லை எடுத்துவிடவில்லை, நிழலையும் மறுக்கவில்லை. எமது சங்கத்தில் வருங்காலத்திலே நடைபெறும் ஒவ்வொரு விவாதமும் அக்குசினியிலே நடந்ததுபோல் நடைபெறுமாயின், வானை அளந்து வசை சுமந்த அப்பெரியோருக்கு நாம் செலுத்துங் கடன் ஒருவாறு தீர்ந்ததாகும்.